கடைசி வரியில் அரை

கோட்டையூர் வீட்டின் இரண்டாங்கட்டில் தூணில் சாய்ந்து, மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள் சாலா. முற்றத்து வெயில் அவள் கால்விரலுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. உலகெங்கும் பலர் சேர்ந்து இலவசமாக எழுதிவரும் வம்சாவளி மென்பொருளுக்கு, நகரத்தார் கோயில் வழக்கப்படி குடும்பங்களைப் புள்ளிக் கணக்காக எண்ணும் துணை நிரல் ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறாள். தம்பதி என்றால் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரை. சோதித்துக் காட்டச் சொந்தக் குடும்பத்தையே கொடுத்திருந்தாள். நார்வேயிலிருந்து முகம் தெரியாத ஒருவர் இப்போது கேட்கிறார்: 'எல்லாம் அருமை. கடைசி வரியில் ஒரு பெண்ணுக்கு மட்டும் அரை என்று வருகிறதே, பிழையா?' எட்டு மாதத்துக்கு முன்பு என்றால் அங்கே ஒன்று என்றுதான் வந்திருக்கும். டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைக் கடக்கிறது. “ஆச்சி, சோறு ஆறிப்போகுது. உள்ள வாரீகளா, இங்குட்டே கொண்டாரவா?” சமையல்கட்டிலிருந்து சமையல்காரி ரேணுகா கேட்கிறாள். “இந்தா வாரேன்.” ஆனால் சாலா எழவில்லை. 'அது நான்தான்' என்று தட்டுகிறாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, 'பிழை இல்லை. எங்கள் வழக்கம்' என்று அனுப்புகிறாள். மறு நிமிடமே திரையில் ஒரு கட்டைவிரல் உயர்கிறது: 'நன்றி, சேர்த்துக்கொண்டோம்.'