சிரித்த முகம்

“எல்லாப் போட்டோவுலயும் மொறச்சிக்கிட்டே இருக்காரேக்கா” என்றான் திருப்பாதிரிப்புலியூர் பேனர் கடை செம்பியன்.

“அதான்ப்பா, ஏஐல சிரிக்கிற மாதிரி பண்ணிக் குடு. கருமாதிக்கு வர்றவங்க அந்த முகத்தைப் பார்க்கட்டும்” என்றாள் பூங்காவனம்.

கணவர் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் அவரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த இசைவாணி துணைக்கு வந்திருந்தாள்.

“சும்மா சிரிக்கணும்னு எழுதினா, அது யாரு சிரிப்பையாவது ஒட்டிடும். விவரமா சொல்லணும்க்கா. சிரிச்சா பல்லு தெரியுமா? கன்னத்துல குழி விழுமா?” என்று கேட்டான் செம்பியன்.

பூங்காவனம் இருபத்துநாலு வருஷத்தையும் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“இடது கன்னத்துல குழி விழும்” என்றாள் இசைவாணி. “கண்ணு ரெண்டும் சுருங்கிடும். தலையைப் பின்னால சாய்ச்சிக்கிட்டுதான் சிரிப்பாரு.”

செம்பியன் அப்படியே டைப் அடித்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அவரு மாதிரியே இருக்கான்னு பாருங்கக்கா.”

பூங்காவனம் நாற்காலியிலிருந்து எழுந்து, இசைவாணிக்கு இடம் விட்டாள்.

“நீ பார்த்துச் சொல்லும்மா.”