கம்பிக்கு ஒரு கார்

"கம்பியோட ஒரு முனை என் காதுகிட்ட, இன்னொரு முனை ஜன்னலுக்கு வெளிய. மூணு வருஷமா இப்படித்தான் தம்பி கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டே குடும்பம் நடத்துறேன்!"

தையல்காரரின் மனைவி சொன்னதைக் கேட்டு, கார் ஷோரூம் விற்பனையாளன் சிரித்து வைத்தான். சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. மாதம் முடியப் போகிறது, ஒரு வண்டிகூட விற்றபாடில்லை. "இன்னிக்கும் வெறுங்கையோட நின்னா, நாளையிலேருந்து வர வேணாம்" என்று மேனேஜர் காலையிலேயே குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

வந்திருந்த தம்பதி வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவர்கள். ஆளை விட நீளமான கம்பிகளைத் தினமும் காரில் கொண்டுபோக வேண்டும்.

"இப்ப இருக்கிற வண்டியில என்ன சார் பிரச்சினை?"

"அதெல்லாம் ஒரு வண்டியா? பின் சீட்டு கல்லு மாதிரி அசையாது. போன வாரம் சிக்னல்ல கம்பி முனையால ஒருத்தரோட ஹெல்மெட்டையே தட்டிட்டேன். நல்ல மனுஷன், திட்டினதோட விட்டுட்டார்," என்றார் தையல்காரர்.

விற்பனையாளன் மூலையில் நின்ற காரின் பின்கதவைத் திறந்தான். சீட்டின் மேல்விளிம்பில் இருந்த குமிழை இழுத்தான். பின் சீட்டின் ஒரு பாதி மட்டும் பொத்தென்று முன்னால் கவிழ்ந்து படுத்தது. முன் சீட்டையும் சாய்த்தான். டிக்கியிலிருந்து முன்கண்ணாடி வரை ஒரே பாதை.

"கம்பி இந்தப் பக்கம். அக்கா அந்தப் பக்கம் ஜம்முனு உட்காரலாம்."

தையல்காரர் கையோடு கொண்டுவந்திருந்த கம்பியை உள்ளே விட்டார். வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்தது. பின்கதவும் மூடியது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்த மனைவி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, என் கழுத்து திரும்புது!"

"வண்டின்னா இது வண்டி!" என்றார் அவர். "செஞ்சவனுக்கு மூளை இருக்கு. நம்ம வண்டியைச் செஞ்சவன் அதை வீட்லயே வச்சுட்டு வந்துட்டான். தம்பி, பழசை எடுத்துக்கிட்டு இதைக் குடுத்துடுங்க. இப்பவே முன்பணம் கட்டிடறேன்."

விற்பனையாளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜருக்குத் தலையாட்டிவிட்டு, பழைய காரை மதிப்பிட அவர்களோடு வாசலுக்கு வந்தான்.

காரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு கதவைத் திறந்தான். பின் சீட் முழுவதற்கும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே துணியில் பூப்போட்ட உறை. ஒரு சுருக்கம் கிடையாது, அப்படி இழுத்துத் தைத்திருந்தது.

"வாங்கின அன்னிக்கே நான் தைச்சுப் போட்டது," என்றார் தையல்காரர் பெருமையாக. "இன்னி வரைக்கும் கழட்டினதில்ல. அடியில என்ன கலர்னே மறந்துபோச்சு."

விற்பனையாளன் உறையைத் தடவிப் பார்த்தான். மேல்விளிம்பில், துணிக்கு அடியில் ஒரு குமிழ் தட்டுப்பட்டது. ரசீதோடு மேனேஜர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை தப்பிக்கும், யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

"அண்ணே," என்றான் மெல்ல. "உள்ள நீங்க பார்த்ததும் இதே வண்டிதான், கம்பெனிக்காரன் மூஞ்சியையும் பேரையும் மட்டும் மாத்தி விட்டிருக்கான். ஒரு கத்தரிக்கோல் குடுங்க, உங்க சீட்டும் மடங்கும்."