எட்டாம் கேள்வி

சிவபாலன் காலையில் எழுந்தான். ஒரு கோப்பைக்கு அளவாகத் தண்ணீர் கொதிக்கவைத்தான். தேநீரை நின்றபடியே குடித்தான். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப்பையில் வைத்தான். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, இரண்டு சோதனைச் சாவடி தாண்டி, கொட்டாஞ்சேனையில் இறங்கும்வரை வாய் திறக்கவில்லை. மனைவி அருந்ததி குண்டுவெடிப்பில் போய் ஏழு மாதம். எல்லாக் காலையும் இப்படித்தான்.

தேவாலய மண்டபத்தில் மாக்ரெட் மிஸ் அவனுடைய படிவத்தோடு காத்திருந்தார். கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளைச் சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருக்க, சிவபாலனைப் போன்ற சனசமூக நிலையத் தலைவர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி கொடுத்தவர் அவர். முடிவில் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய் விசாரித்து வரச் சொல்லியிருந்தார்.

"என்ன தம்பி, புள்ளைய இல்லத்துக்கு அனுப்பணும்னு எழுதியிருக்கீங்க? அனுப்பாம இருக்கத்தானே இவ்வளவு படிச்சீங்க?"

"வேற வழியில்லை மிஸ். தாய் இல்லை. தகப்பன் அழகர் தேயிலைத் தோட்டத்தால வந்த ஆள், புறக்கோட்டையில மூட்டை தூக்கிறவர். வேலையால வந்தால், பிள்ளை நித்திரையாகும் மட்டும் ஏச்சுத்தான்."

"யாரு சொன்னா?"

"இராமலெட்சுமியே சொன்னவள். எட்டு வயசுப் பிள்ளை ஏன் பொய் சொல்லப்போகுது? தகப்பனும் ஒப்புக்கொண்டவர். அதுவும் சிரிச்சுக்கொண்டு!"

மாக்ரெட் பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தால் திங்கட்கிழமை இராமலெட்சுமி தெஹிவளையில் ஓர் இல்லத்தில் இருப்பாள்.

"புள்ள எப்படி?"

"வாய்க்காரி. வெளிக்கிடேக்க என்னையே ஒரு கேள்வி கேட்டவள்."

"என்ன கேட்டா?"

"அது படிவத்துக்குத் தேவையில்லை மிஸ்."

பேனா எட்டாம் கேள்வியில் நின்றது.

"இதுல புள்ள சொன்ன சொல்ல அப்படியே எழுதணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. 'ஏசுகிறார்'னு போட்டிருக்கீங்க. எங்க தோட்டத்துப் புள்ளைங்க வாயில இந்தச் சொல்லு வராது. நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"'அப்பா உனக்குப் பேசுறவரோ' எண்டு கேட்டனான்."

"அதுக்கு அவ?"

"'ஆமா, தூங்குற வரைக்கும் பேசுவாரு' எண்டாள். தகப்பன், 'அம்மா இல்லாத புள்ள, நான் பேசாட்டி வேற யாருங்க பேசுவா' எண்டார். அதைத்தான் வடிவா எழுதினனான்."

மாக்ரெட் பேனாவை மூடினார்.

"தம்பி, நான் ஹட்டன்ல பொறந்தவ. உங்க வடக்கு ஊர்ல ஒருத்தருக்குப் பேசறதுன்னா ஏசறது. எங்க தோட்டத்துல பேசறதுன்னா, நீங்க கதைக்கிறதுன்னு சொல்றீங்களே, அதுதான்."

சிவபாலன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். 'ஏசுகிறார்' என்பதை வெட்டினான். 'இல்லத்துக்கு அனுப்பவும்' என்பதையும் வெட்டினான். பிறகும் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாய்க்காரின்னீங்களே, வெளிய வரும்போது அப்படி என்னதான் கேட்டா?"

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவள் விசாரித்திருந்தாள். ஒருத்தரும் இல்லை என்று அவன் சொல்லியிருந்தான். அதற்கு அவள் கடைசியாகக் கேட்டதை, ஒரு சொல்லும் மாற்றாமல் இப்போது சொன்னான்.

"'ஐயோ பாவம் சார், அப்ப ஒங்களுக்கு வீட்டுல பேச யாருமே இல்லியா?'"