நடுவர் நிறுத்தவில்லை

மூன்றாம் சுற்றில் என் குத்து அவன் புருவத்தைக் கிழித்தது. பல்கலைக்கழகக் குத்துச்சண்டையில் எனக்கு எதிராளியாக வாய்த்தவன் என் அறைத்தோழன்.

“விழுந்து தொலைடா! கண்ணு போயிடும்.”

“நீ அடி மச்சான்.”

அடிக்கத் தயங்கிய நொடியில் என் தாடையைப் பெயர்த்தான். வலி பொறுக்காமல் ஓங்கிக் குத்தினேன். அவன் மூக்கு உடைந்து, ரத்தம் என் மார்பில் தெறித்தது.

“நிறுத்துங்க சார்!”

“அவன் நிக்கிறான்ல? நீ உன் வேலையப் பாரு,” என்றார் நடுவர்.

மணி அடித்த பிறகுதான் சாய்ந்தான்.

மருத்துவ அறையில் ஏழு தையல் போட்டார்கள். “ஏன்டா விழல?” என்றேன்.

“விளையாட்டோட உளவியலும் படிக்கிறேன்ல? எவ்வளவு ரத்தம் பார்த்தா நடுவர் சண்டைய நிறுத்துவாருன்னு ஆய்வு. அந்த ஆளு கல்லுடா!”

அப்போது நடுவர் ஒரு படிவத்தோடு உள்ளே வந்தார்.

“தம்பி, ஒரு கையெழுத்துப் போடு. நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். ஒருத்தன் எத்தனை அடி வாங்கினா தானா விழுவான்னு ஆய்வு. நீ விழுவ, விழுவன்னு பார்த்தேன், மணியே அடிச்சிருச்சு. அடுத்த வாரமும் நான்தான் நடுவர். வர்றியா?”

நண்பன் தலையாட்டினான்.

கழற்றி வைத்த கையுறைகளை நான் மறுபடி மாட்டினேன். இருவரில் யாரை முதலில் அடிப்பது என்பதுதான் தெரியவில்லை.