படகு பார்க்க நல்ல இடம்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டியின் கடைசிச் சுற்று. முதலில் வந்தால்தான் கோப்பை. மகள் யும்னாவின் படகு இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது.

“சம்சு, கூடாரத்துலேர்ந்து பார்க்கத்தான் கையேட்டுல சொல்லியிருக்கு. நிழலா வேற இருக்கு, வா” என்று மனைவியை அழைத்தார் யூசுப்.

“நான் இந்த முனையிலதான் நிப்பேன்.”

மனைவியின் நீளமான சிவப்புத் துப்பட்டா பறந்து, பக்கத்தில் நின்றவர் முகத்தில் அடித்தது.

“சாரி அங்கிள்!” என்றாளே தவிர, அதை இழுத்துச் செருகவில்லை. யூசுப்புக்கு மானம் போயிற்று.

“டிவியில வரணும்னு ஆசையா?”

“சும்மா இருங்க லா!”

திடீரென்று துப்பட்டா துவண்டது. மறுகணம் எதிர்ப்பக்கமாகப் படபடத்தது. கடலில் யும்னா கரையை ஒருமுறை பார்த்தாள். படகைச் சட்டென்று திருப்பினாள். முன்னால் போன படகின் பாய் காற்றில்லாமல் தொங்கியது.

யும்னா முந்தினாள்.

“காத்து மாறினது அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?”

“முதல்ல இந்த முனைக்குத்தான் காத்து வரும். ‘துப்பட்டாவைச் செருகிடாதீங்க உம்மா, அதைப் பார்த்துத்தான் திருப்புவேன்’னா. இன்னும் ஒரு திருப்பம் இருக்கு.”

யூசுப் காற்றை மறைக்காமல் அவசரமாக விலகி, வெயிலில் நின்றார்.