தளும்பாத காப்பி

போன இரண்டு தடவையும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எழிலரசிக்குக் கை நடுங்கிக் காப்பி கொட்டிவிட்டது. நாலு பேர் ஒன்றாகப் பார்த்தாலே அவளுக்கு அப்படித்தான். புத்தி பேதலித்தவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையில் பாதி போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “நல்ல நாளும் அதுவுமா கை நடுங்கக் கூடாது,” என்று அம்மா காலையில் முழு மாத்திரையையே அவள் வாயில் போட்டுவிட்டாள்.

பயம் போய்விட்டது. ஆறு டம்ளர், ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. ஐந்து பேர் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை போனிலிருந்து தலை தூக்கவில்லை. அவன் எடுக்கட்டும் என்று தட்டை நீட்டியபடி நின்றவளை அவனுடைய அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

“எவ்வளவு அடக்கம்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா?”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உனக்குப் பிடிச்சிருக்காம்மா?” என்றார் அவன் அப்பா.

பிடிக்கவில்லை. பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி மாதிரி அந்தப் பதில் அவளுக்குள் எங்கோ தூரத்தில் கேட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. அம்மா அவளுக்காகத் தலையாட்டினாள். யாரோ பூ எடுத்து வரச் சொன்னார்கள்.

எழிலரசி தன் கைகளைப் பார்த்தாள். நடுங்கு, நடுங்கு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். மிஞ்சிய டம்ளரின் மேல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஆடை படிந்துகொண்டிருந்தது.