இடுப்பில் இரண்டு விரல்

"இங்க வாயேன்! சீக்கிரம் ஓடி வா! பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது!"

சீருடைப் பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றார் பஸ் டிரைவர். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஒற்றைச் செருப்போடு வந்தாள்.

"பாரு, ஒரு விரல் தாராளமா போகுது! போன வாரம் பட்டன் போடவே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்துச்சு."

"எங்க, காட்டுங்க." மனைவி விரலை நுழைத்துப் பார்த்தாள். "அட, ஆமாங்க!"

"அப்பா, நேத்து என்ன சொன்னீங்க? 'நாளைலேருந்து ரொட்டியும் ஜாமும்தான், வர்றது வரட்டும்'னு தட்டைத் தள்ளிவிட்டீங்களே?"

"அது வேற ஆளு. அவரை விடு."

டிப்போவின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் நூற்று முப்பதுக்குக் கீழே வராவிட்டால் பஸ்ஸை விட்டு இறங்கி, பாஸ் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடமாக, மழை நாளில்கூட அந்தப் பெரிய கண்ணாடி வழியே ஊரே தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தவர் அவர். நான்கு கம்பிகளுக்குப் பின்னால் உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மாத்திரையோடு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். "காலையில ரெண்டு முட்டை சாப்பிடுங்க, ரொம்ப சுலபம்" என்றார். சிக்கலே அங்கேதான். முட்டை ஒரு வாய் போனாலும் டிரைவருக்கு உதடு வீங்கிவிடும்.

"முட்டை இல்லாட்டி உலகம் நின்னுடுமா?" என்று களத்தில் இறங்கினாள் மனைவி. மகள் போனில் தேடிப் படிக்கப் படிக்க, அடுப்பு எரிந்தது. காலிஃப்ளவரைத் துருவி, சீஸ் தூவி வறுத்தாள். பாதாம் மாவையும் ஆளி விதையையும் தயிரில் கரைத்து, கல்லில் வட்டமாக வார்த்தாள். சியா விதையைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து நீட்டினால், "இது என்னையே பார்க்குது" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார் டிரைவர். அப்படிப் பன்னிரண்டு நாள் ஓடியபிறகுதான் நேற்று தட்டு நகர்ந்தது.

இன்றைக்கோ அவரே கேட்டார்.

"என்ன இன்னிக்கு?"

"பனீரை உதிர்த்து, காளானோட வதக்கியிருக்கேன். மிளகு கொஞ்சம் தூக்கலா."

"கொண்டா, கொண்டா! எடை மெஷின் எங்க? ஏறிப் பார்த்துடறேன்."

"அதுல பேட்டரி தீர்ந்துபோச்சுங்க. சாப்பாடு ஆறுது, உட்காருங்க."

அதற்கப்புறம் வீட்டில் காலை நேரமே வேறு மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் தட்டைத் திருப்பித் திருப்பிச் சாப்பிட்டார். குடைமிளகாய்க்குள் டோஃபு அடைத்து வாட்டியது அவருடைய சொந்த யோசனை. முதல் தடவை கருகியது. "கரியில மாவுச்சத்து இல்லை" என்று சொல்லி அதையும் சாப்பிட்டு முடித்தார். அடுத்த வாரம் பேன்ட்டில் ஒன்றரை விரல் போனது. அதற்கடுத்த வாரம் இரண்டு.

"டிப்போவுல கண்டக்டர் கேட்கறான், 'அண்ணே, உங்க தம்பியை வேலைக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுல இருக்கீங்களா?'ன்னு!"

"கண் வைக்கப்போறாங்க, பேசாம இருங்க" என்று சிரித்தாள் மனைவி.

மறுபரிசோதனை நாள். வாசல் கதவு சுவரில் மோதும் சத்தத்திலேயே செய்தி தெரிந்துவிட்டது.

"நூத்திப் பதினெட்டு!"

மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மனைவி நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் கண்ணீர் வழிந்தது.

"அழறியா? நாளைக்குக் காலை முதல் டிரிப் நான்தான்! டாக்டர் எழுந்து நின்னு கை கொடுத்தாரு. ஆனா ஒண்ணு, அவங்க எடை மெஷின் சுத்த மோசம். ஒரு கிலோதான் குறைஞ்சிருக்காம்! இங்க ரெண்டு விரல் போகுது, அங்க ஒரு கிலோங்கறாங்க. 'முதல்ல இந்த மெஷினுக்கு வைத்தியம் பாருங்க சார்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நல்லா கேட்டீங்கப்பா!"

"சரி, ரெண்டு பேன்ட்டையும் எடு. டெய்லர்கிட்ட குடுத்து இடுப்பைப் பிடிச்சுட்டு வந்துடறேன். முதல் டிரிப்ல பேன்ட் அவுந்துட்டா மானம் போயிடும்."

"டெய்லர் எதுக்குங்க?" மனைவி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானே பிடிச்சுத் தரேன்."

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? நீங்க போய் உங்க கண்டக்டர்கிட்ட நூத்திப் பதினெட்டைச் சொல்லுங்க, போங்க."

அவர் போனோடு மாடிக்கு ஓடினார். அங்கிருந்து அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். பேன்ட்டைப் புரட்டி, பின்பக்கத் தையலை மடியில் விரித்தாள். அளவெடுக்க வேண்டிய வேலையே இல்லை. வாரா வாரம் இஸ்திரி போடும்போது அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்ட பழைய தையலின் ஊசித் துளைகள், வரிசை கலையாமல் அப்படியே இருந்தன.